நாற்பத்திரண்டு தூக்குச்சட்டிகள்

விடியற்காலை ஆறு மணிக்கு வேன் பட்டாசுக் கம்பெனி வாசலில் நின்றதும் பெண்கள் செய்கிற முதல் வேலை, தூக்குச்சட்டியைக் கேட்டுக்கு வெளியே மாட்டுவது. அதற்கென்றே வேப்பமரத்திலிருந்து மதில்வரை ஒரு கம்பி இழுத்துக் கட்டியிருந்தது. வெடிமருந்து இருக்கிற இடத்துக்குள் எவர்சில்வர் போகக்கூடாது, உரசினால் பொறி. மெட்டி, ஊக்கு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் துணியில் முடிந்து சட்டிக் காதில் கட்டிவிட்டு, செருப்பையும் உதறிவிட்டு, வெறுங்காலோடு உள்ளே நடக்க வேண்டும்.

திங்கட்கிழமை. மாடத்தி தன் சட்டியை மாட்டும்போது பக்கத்தில் வெள்ளைத்தாய் வந்து நின்றாள். தாயில்பட்டியில் அடுத்தடுத்த வீடு. அவள் சட்டி கல்யாணச் சீரில் வந்தது. மூடியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது.

"என்னளா கொளம்பு?" மாடத்தி அந்த மூடியில் கை வைத்தாள்.

"கருவாடு. நீ மோந்து பாத்தே பாதியத் தின்னுருவ, கைய எடுக்கா."

கம்பெனிக்கு லைசென்ஸ்படி இருபத்திநாலு பேர். கம்பியில் தொங்கியது நாற்பத்திரண்டு சட்டி. மிச்சம் பதினெட்டுப் பேருக்கு நோட்டில் பெயர் கிடையாது, உட்கார அறையும் கிடையாது. பின்னால் மரத்தடியில் திரி சொருகுவார்கள், மருந்துத் தட்டு சுமப்பார்கள். ஆர்டர் இல்லை என்று முதலாளி போன மாதம் எல்லாருக்கும் கூலியைக் குறைத்தார். லோடு லாரி மட்டும் தினம் இரண்டு நடை போய்க்கொண்டிருந்தது. மாடத்தி போன்றவர்கள் முணுமுணுத்தார்கள். வெள்ளைத்தாய் அதுவும் செய்யவில்லை. பெயரே இல்லாதவளை நிறுத்துவதற்கு யாரைக் கேட்க வேண்டும்?

ஆபீசர் ஜீப் மெயின்ரோட்டில் திரும்பினால் போர்மேன் காசிராஜன் ஒரு விசில் ஊதுவார். பதினெட்டுப் பேரும் பின்வேலி ஓட்டையில் நுழைந்து ஓடைக்குள் இறங்கி, சீமைக்கருவேல முள்ளுக்குள் குத்தவைத்துவிட வேண்டும். இரண்டு விசில் கேட்டால்தான் திரும்பலாம். ஒருமுறை மூக்கம்மாளைத் தேள் கொட்டியது. சத்தம் போடாமல் மூன்று மணி நேரம் இருந்தாள். அதைச் சொல்லிச் சொல்லி வேனில் சிரித்தார்கள். மூக்கம்மாளும் சிரித்தாள். வந்த ஆபீசர் ஒருவர்கூட அந்தச் சட்டிக் கம்பியை நிமிர்ந்து பார்த்ததில்லை.

மாடத்திக்கு ஏழாம் நம்பர் ரூம். பூச்சட்டிக்குள் மருந்தை இட்டுக் கட்டையால் அழுத்த வேண்டும். அலுமினியப் பொடி முழங்கைவரை ஏறி வெள்ளி பூசினதுபோல் மினுங்கும். எத்தனை தேய்த்தாலும் நகக்கண்ணில் தங்கி, சோற்றோடு நாக்கில் கைக்கும். எட்டு மணிக்குக் காசிராஜன் ஒரு மூடின தட்டோடு வந்தார்.

"அண்ணாச்சி, இது சனிக்கிழமை மருந்துல்லா? மிஞ்சுனத அன்னன்னைக்கே அழிச்சிரணும்னு நீங்கதான சொல்லுவீக?"

"வீணாக்காதன்னுட்டாரு மொதலாளி. சீசன் நேரம் தாயி, பேசாம எடுத்து வை."

"நான் தொட மாட்டேன். ரெண்டு நாளு ஈரத்துல கெடந்துருக்கு. வாடையே சரியில்ல."

காசிராஜன் வாதாடவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். மாட்டேன் என்று சொல்ல முடியாதவள் அங்கே ஒருத்தி இருந்தாள். வெள்ளைத்தாய் கைநீட்டி வாங்குவதை மாடத்தி ஜன்னல் வழியே பார்த்தாள். கூப்பிட்டுத் தடுத்திருக்கலாம். கையிலிருக்கிற பூச்சட்டியை முடித்துவிட்டுப் போகலாம் என்று குனிந்தாள்.

காது அடைத்தது. வெளிச்சம் வந்ததா சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. ஓட்டுச்சில்லு முதுகில் கொட்டியது. கந்தகப் புகைக்குள் யார் கையையோ பிடித்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினாள்.

வேப்பமரத்தடியில் காசிராஜன் நோட்டைத் திறந்து பெயர் வாசித்தார். இருபத்திநாலு பெயர், இருபத்திநாலு பதில்.

"சரியா இருக்கு, மொதலாளி."

எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். மாடத்தியும் விட்டாள். அந்த மூச்சுக்காகப் பிறகு வெகுநாள் தன்னையே அவள் திட்டிக்கொண்டாள்.

சண்முகவேல் முதலாளி காதிலிருந்து செல்போனை எடுத்தார். "கடவுள் காப்பாத்துனாரு. ஆபீசர் வாரதுக்குள்ள அவங்கவங்க சட்டிய எடுத்துட்டு வேன்ல ஏறுங்கம்மா."

ஒவ்வொருவராக எடுத்தார்கள். கம்பி லேசாகிக்கொண்டே வந்தது. கடைசியாக மாடத்தி தன் சட்டியைக் கழற்றியபோது கம்பியில் இன்னும் பதினெட்டு ஆடிக்கொண்டிருந்தன. முதலில் தொங்கியது வெள்ளைத்தாயுடையது. உள்ளே கருவாட்டுக் குழம்பு.

மாடத்தி தன் சட்டியைத் திரும்ப மாட்டினாள்.

"அண்ணாச்சி, ஓடைக்குள்ள கெடக்காளுக. ரெண்டு விசில் ஊதுங்க."

"ஊதாத, காசி!" முதலாளி குறுக்கே வந்தார். "வாரவன் தலைய எண்ணுனா கம்பெனிக்குப் பூட்டு. அப்புறம் உங்களுக்கெல்லாம் எவன் கஞ்சி ஊத்துவான்?"

மாடத்தி வெள்ளி பூசிய இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இத்தன நாளும் இந்தக் கையிதான் ஊத்துச்சு மொதலாளி. எங்களுக்கும் ஊத்துச்சு, உங்களுக்கும் ஊத்துச்சு."

"நீ நோட்டுல இருக்கவ. உனக்கென்னத்துக்கு ஊரு வம்பு? உன் பேரையும் அடிச்சிருவேன்."

"அடிங்க. பதினெட்டோட பத்தொம்பதாப் போறேன்."

காசிராஜன் விசிலை வாயில் வைத்தார். எடுத்தார். முதலாளியைப் பார்த்தார். இருபது வருஷமாக ஒருதரம்கூட அந்த முகத்துக்கு எதிராக அவர் எதையும் செய்ததில்லை. இன்றும் செய்ய மாட்டார் என்று நினைத்து மாடத்தி வேலியை நோக்கி ஓடத் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் விசில் கேட்டது. ஒன்று. இன்னொன்று.

முள் அசைந்தது. முதலில் மூக்கம்மாள். பிறகு ஒவ்வொருத்தியாக. நாலு பேர் ஒரு சாக்கின் நுனிகளைப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். சாக்கில் வெள்ளைத்தாய். கையும் கழுத்தும் வெந்திருந்தன. உயிர் இருந்தது. வாய்க்குள் முந்தானை.

"சத்தம் வெளிய கேட்டுரும்னு அவளே கடிச்சிக்கிட்டுக் கெடந்தாக்கா," என்றாள் மூக்கம்மாள்.

மாடத்தி துணியை உருவினாள். "ஏளா, கேட்டுக்கு ஓடியாராம அங்கன எதுக்குடி போன?"

"ஒத்த விசில்தான கேட்டுச்சு, ரெண்டு ஊதலயேக்கா," என்றாள் வெள்ளைத்தாய்.

வேன் டிரைவர் பாண்டி யாரையும் கேட்கவில்லை. பின்கதவைத் திறந்து சீட்டை மடக்கினான். சாக்கோடு ஏற்றினார்கள்.

"வீட்டுல அடுப்பு வெடிச்சதுன்னு சொல்லுங்க," முதலாளி வேன் கதவைப் பிடித்துக்கொண்டார். "வைத்தியம் நான் பாத்துக்கிடுதேன்."

"அடுப்புல அலுமினியப் பொடியப் போட்டா எரிக்கோம்? கைய எடுங்க மொதலாளி, வண்டி போணும்," என்றான் பாண்டி. வேன் கிளம்பியது. மூக்கம்மாள் கூடப் போனாள்.

மாடத்தி திரும்பியபோது கம்பி மறுபடி நிறைந்துகொண்டிருந்தது. யாரும் சொல்லவில்லை. எடுத்த சட்டிகளை ஒவ்வொருத்தியாகக் கொண்டுவந்து மாட்டினார்கள். பேறுகாலச் செலவுக்கு இந்த வேலையையே நம்பியிருக்கிற சுகிர்தாகூட, "வாரது வரட்டும் மைனி" என்று சொல்லி மாட்டினாள். நாற்பத்திரண்டு.

"அண்ணாச்சி, நோட்ட எடுங்க. சட்டியில வெட்டியிருக்க பேர வாசிச்சு எழுதுங்க."

"நான் எழுதுனா செல்லாதுத்தா."

"செல்ல வைக்கது எங்க பாடு. நீங்க எழுதுங்க. அந்தத் தட்ட யாரு குடுத்தான்னும் ஆபீசர் கேப்பாரு."

காசிராஜன் தலை நிமிரவில்லை. "நாந்தான் குடுத்தேன். சொல்லுதேன்."

"நான் வேண்டாம்னு தள்ளுனதத்தான் அவ வாங்குனா. அதை நான் சொல்லுதேன்."

அவரை அவள் மன்னிக்கவில்லை. ஆனாலும் பேனா ஓடுகிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்த்தாள். முதல் பெயராக வெள்ளைத்தாய் விழுந்தது. யாரோ அவள் சட்டியைத் திறக்கப் போனார்கள். மாடத்தி கையைத் தடுத்தாள். "இருக்கட்டும். அவ வந்து தெறப்பா."

எல்லாரும் கேட்டை மறித்துத் தரையில் உட்கார்ந்தார்கள். நோட்டில் இருப்பவள், இல்லாதவள் என்று பிரிக்க முடியாதபடி கலந்து உட்கார்ந்தார்கள். கந்தகப் புகை இன்னும் தொண்டையை அறுத்தது. நாளைக்கு வேலை உண்டா, வெள்ளைத்தாயின் கை பிழைக்குமா, ஒன்றும் தெரியாது.

மெயின்ரோட்டில் ஜீப் திரும்புகிற சத்தம் கேட்டது. பழக்கத்தில் அத்தனை வெறுங்கால்களும் மண்ணில் ஒருமுறை விரலூன்றின.

யாரும் எழுந்திருக்கவில்லை.