கேட்டைத் திறக்க மறந்த மதியம்

எங்கள் பள்ளத்தாக்கில் தரையே கடல் மட்டத்திலிருந்து ஏழாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் இருக்கிறது. உருளைக்கிழங்குக்கு அது நல்ல உயரம், விமானத்துக்கு அல்ல. வெயில் ஏறிய மதியங்களில் காற்று இன்னும் மெலிந்துவிடும். சின்ன விமானங்கள் ஓடுபாதையின் கடைசிவரை ஓடி, வேலியைக் கண்ட பிறகே மனமில்லாமல் எழும்பும். அதனால் ரமோனா ஆர்ச்சுலெட்டாவும் அவள் கணவன் மெர்ல் ஸ்டென்பெர்கும் சொந்தமாக விமானம் கட்டத் தொடங்கியபோதே டர்போ வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

ரமோனா கால்நடை மருத்துவர். மலைக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைகளுக்குச் சாலையில் போனால் பாதி நாள் போய்விடும். மெர்ல், வயல்களில் வட்டமடித்துத் தண்ணீர் பாய்ச்சும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். என் விமானக் கொட்டகை அவர்களுடையதற்கு அடுத்தது. நடுவில் ஒரு தகரச் சுவர்தான். அவர்கள் சண்டை எதுவும் எனக்குத் தப்பியதில்லை.

என்ஜினை, விபத்தில் நொறுங்கிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து கழற்றியிருந்தார்கள். ரோட்டரி என்ஜின். பிஸ்டன் கிடையாது, கூட்டுக்குள் முக்கோண வடிவில் இரண்டு ரோட்டர்கள் சுழலும். வெளியேறும் புகையின் வேகத்தில் டர்போவின் சக்கரம் சுற்றி, காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கும். எவ்வளவு திணிப்பது என்பது புகைக்குழாயில் உள்ள ஒரு சின்னக் கதவின் கையில் இருக்கிறது. அவர்கள் அதைக் கேட் என்றார்கள். திறந்தால் புகை வேறு வழியில் போய்விடும். டர்போ சும்மா கிடக்கும். மூடினால் புகை முழுவதும் சக்கரத்தின் மேல் பாயும். உயரே போகப் போகக் கேட்டை மூட வேண்டும், இறங்க இறங்கத் திறக்க வேண்டும். மூடிய கேட்டோடு கீழே வந்து முழு வேகம் கொடுத்தால் பூஸ்ட், அதாவது திணிக்கும் காற்றின் அழுத்தம், எகிறி, ரோட்டரின் முனைகளில் காற்றுக் கசியாமல் அடைக்கும் மெல்லிய சீல்கள் உடைந்துபோகும்.

அந்தக் கேட்டை யார் ஆட்டுவது என்பதில்தான் ஒரு குளிர்காலம் முழுக்கச் சண்டை.

"பெட்டி பார்த்துக்கும் ரமோனா. கம்ப்யூட்டர் சொல்லும், மோட்டார் திறக்கும். நீ பறக்கிறதை மட்டும் பாரு."

"உன் பெட்டி பாதி வழியில தூங்கிட்டா? மலை மேல வந்து தட்டி எழுப்புவியா?"

"பெட்டி தூங்காது."

"காபி மெஷினுக்கு நீ செஞ்சு வெச்ச டைமரும் தூங்காதுன்னுதான் சொன்னே. எனக்கு ஒரு நெம்புகோல் போதும். என் கை எனக்குத் தெரியும்."

பறக்கப்போகிறவள் அவள். நெம்புகோலே ஜெயித்தது. மெர்ல் ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, அதை அழகாகவே செய்து கொடுத்தான். அந்தக் கோடை முழுவதும் எந்தக் குறையும் இல்லை. எங்கள் விமானங்கள் வெயிலில் முக்கிக்கொண்டிருக்கும்போது, அவளுடையது மட்டும் கடற்கரையில் இருந்து கிளம்புவதுபோல் கிளம்பிப் போனது.

ஆகஸ்டில் ஒருநாள். மலைக்கு அப்பால் பிரசவத்தில் சிக்கிய ஒரு பசுவைப் பார்த்துவிட்டு அவள் திரும்பிக்கொண்டிருந்தாள். கன்று பிழைக்கவில்லை, பசு பிழைத்தது. இதைப் பிறகுதான் சொன்னாள். கணவாயைத் தாண்ட மிக உயரத்தில் வந்ததால் கேட்டை முழுக்க மூடியிருந்தாள். இறங்கும்போது என்ஜினை மட்டுப்படுத்திக்கொண்டே வந்தாள். மெதுவாக ஓடும் என்ஜினில் கேட் மூடியிருந்தாலும் பூஸ்டைக் காட்டும் முள் அசையாது. எதுவும் அவளுக்கு நினைவூட்டவில்லை.

நானும் மெர்லும் கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். சக்கரம் தரையைத் தொடப்போகும் நேரத்தில் பாதையோரப் புதரிலிருந்து மான் கூட்டம் ஒன்று எழுந்து ஓடுபாதைக்குக் குறுக்கே வந்து நின்றது. நின்றவை நகரவில்லை.

ரமோனா முழு வேகம் கொடுத்தாள். என்ஜினின் குரல் வழக்கத்துக்கு மேலே போயிற்று. பிறகு பட்டென்று ஒரு சத்தம். குரல் சரிந்தது.

மெர்ல், "ஹோஸ் போச்சு" என்றான். டர்போவிலிருந்து என்ஜினுக்குக் காற்றுக் கொண்டுபோகும் ரப்பர் குழாய் அழுத்தம் தாங்காமல் பிடுங்கிக்கொண்டுவிட்டது. இனி மெலிந்த காற்றை என்ஜின் தானே உறிஞ்சிக்கொள்ள வேண்டும்.

விமானம் மான்களின் தலைக்கு மேலே, வேலிக்கு மேலே, உருளைக்கிழங்கு வயலுக்கு மேலே தாழ்வாகவே போனது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மெர்ல் ரேடியோவை எடுத்தான். சொல்வதற்கு அவனிடம் நிறைய இருந்திருக்கும். ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

"கேட்."

"திறந்துட்டேன்" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. "பெருசா ஒரு சுத்து சுத்தி வர்றேன். மானை விரட்டுங்க."

பிக்கப் வண்டியை நான் ஓட்டினேன். மெர்ல் சன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கதவைத் தட்டிக் கத்திக்கொண்டே வந்தான். மான்கள் எங்களைக் கொஞ்ச நேரம் மரியாதையில்லாமல் பார்த்துவிட்டு, போனால் போகிறது என்பதுபோலப் போயின. அதற்குள் அவள் வயல்களுக்கு மேலே, இறக்கையை அதிகம் சாய்க்காமல், கடன் கேட்கப் போகிறவள்போல மெதுவாக வளைந்து வந்து பாதைக்கு நேராகத் திரும்பினாள். இறங்கினாள். நன்றாகவே இறங்கினாள்.

மெர்ல் ஓடவில்லை. நடந்துபோய் இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரமோனா இறங்கிச் சக்கரத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மறந்துட்டேன் மெர்ல். கை முன்னாடி போயிடுச்சு, புத்தி பின்னாடி வந்துச்சு. அந்தக் கன்னுக்குட்டியே மனசுல இருந்தது."

"ஹோஸை இறுக்குற கிளாம்ப் நான் போட்டது. கார்ல இருந்த பழைய கிளாம்ப். மாத்தியிருக்கணும்."

"கழண்டதாலதான்யா என்ஜின் பிழைச்சுது."

"கழண்டதாலதான் நீ வேலி உயரத்துல ஊரைச் சுத்தி வந்தே."

"தப்பு என்னோடதுன்னு சொல்றேன்ல. விடேன்."

"ஏன் விடணும்? உனக்கு மட்டும்தான் தப்பு பண்ணத் தெரியுமா?"

நான் குறுக்கே புகுந்து, தப்பைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், எனக்குப் பசிக்கிறது என்றேன். ரமோனா சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. மெர்ல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் காபி எடுத்துவரப் போய், வேண்டுமென்றே தாமதமாகத் திரும்பினேன்.

மறுநாள் காலையில் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை நான் அழுத்தினேன். துளைகளின் பக்கத்தில் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு குனிந்து கேட்டார்கள். முதல் ரோட்டர் புஸ், புஸ், புஸ் என்று ஒரே சீராக மூச்சு விட்டது. அடுத்ததும் அப்படியே. உடைந்த சீல் இருந்தால் ஒரு மூச்சு விட்டுப்போயிருக்கும். ஒன்றும் விட்டுப்போகவில்லை.

"சரி, உன் பெட்டியைப் போடு. நான் தோத்துட்டேன்" என்றாள் ரமோனா.

"போட மாட்டேன்."

"என்னப்பா இது?"

"ராத்திரி யோசிச்சேன். வயர் ஒண்ணு அறுந்தா பெட்டி சொல்லாமலே செத்துப்போகும். உன் கை மறந்தா உனக்காவது தெரியும்."

மறுபடியும் சண்டை ஆரம்பித்தது, இந்த முறை கட்சி மாறி. அவள் பெட்டிக்காக, அவன் நெம்புகோலுக்காக. மதியத்துக்குள் இரண்டும் இல்லாத ஒன்றில் போய் நின்றார்கள். வேகம் கொடுக்கும் பிடியில் மெர்ல் வளைந்த இரும்புத் துண்டு ஒன்றைப் பற்றவைத்தான். பிடியைக் கடைசிவரை தள்ளினால் அந்தத் துண்டு கேட் நெம்புகோலையும் கூடவே இழுத்து, எங்கள் ஓடுபாதையின் உயரத்துக்கு வேண்டிய அளவு திறந்துவிடும். அதையும் மீறினால் அழுத்தத்தை வெளியே விட, காற்றுக் குழாயில் ஸ்பிரிங் வைத்த ஒரு வால்வு. ஹோஸுக்குப் புது கிளாம்ப், அதுவும் ஜோடியாக.

மறுநாள் விடிந்ததும் விமானத்தின் வாலைப் பிக்கப்பில் கட்டிவைத்து என்ஜினை ஓட்டிப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. ஆனால் தரையில் சரியாக இருப்பது வேறு. கேட்டை மூடிக்கொண்டு கீழே வந்து, அன்று செய்ததையே செய்து பார்க்க வேண்டும் என்றாள் ரமோனா.

"நானும் வர்றேன்" என்றான் மெர்ல்.

"ரெண்டு பேரும் வேணாம். ஒருத்தர் போதும்."

"நான் வெல்டு பண்ணது. அதைப் பாக்க எனக்கு உரிமை இருக்கு."

அவள் அவன் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, "ஏறு. எதையும் தொடாதே" என்றாள்.

குளிர்ந்த காலை, அவ்வளவாகக் காற்று இல்லை. மலையுச்சிக்குச் சமமாக ஏறிவிட்டு இறங்கி வந்தார்கள். நான் ரேடியோவோடு பாதையோரத்தில் நின்றேன். சக்கரம் தரையைத் தொடப்போகும் உயரத்தில் ரமோனாவின் குரல் வந்தது.

"கேட் மூடித்தான் இருக்கு. தூக்கவா?"

"தூக்கு" என்றான் மெர்ல்.

என்ஜின் எழுந்தது. வழக்கமான குரல்வரை வந்து, அங்கேயே நின்றது. விமானம் என் தலைக்கு மேலாக ஏறிப் போயிற்று. பூஸ்ட் முள் எங்கே நிற்கிறது என்று நான் ரேடியோவில் கேட்டேன். அது அவர்களுக்குக் கேட்டிருக்காது. பேசுவதற்கான பொத்தானை அழுத்தியபடியே மறந்துவிட்டார்கள்போல. அவன் பக்கத்துச் சன்னல் வழியாகக் குளிர்காற்று வருகிறது என்று அவனும், அதை அடைக்கச் சொல்லி எத்தனை மாதமாயிற்று என்று அவளும் பேசிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.