நாடகத்துக்குப் போன கட்டில்

எங்கள் ஊரில் கால் கடைந்த தேக்குக் கட்டில் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் வீட்டில் இருந்தது. அதில் என் மாமனார் சின்னண்ணன் படுத்திருந்தார். வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் புத்தியும் மட்டும் தெளிவாக இருந்தன.

அந்த வருஷம் மாரியம்மன் நோம்பிக்கு ஊர்க்காரர்கள் நாடகம் போட்டார்கள். பெரிய பண்ணைக்காரரான தகப்பனைத் தெருவில் விட்ட மகன், கடைசியில் திருந்தி அவரைத் தூக்கி வந்து கட்டிலில் கிடத்துகிற கதை. மகன் வேஷம் என் வீட்டுக்காரர் சென்னியப்பனுக்கு. புதுச்சத்திரத்திலிருந்து வந்த நாடக வாத்தியாருக்கு எங்கள் கட்டில் மேல்தான் கண். "பண்ணக்காரரு கயித்துக் கட்டல்லயா படுப்பாரு? சனம் சிரிக்குமுங்க" என்றார்.

"ஒரு பொழுதுதானே புள்ள, அப்பன் பாயில படுத்திருக்கட்டும்" என்றார் இவர். ஊருக்குத்தான் உபதேசம் என்று முணுமுணுத்தேன்.

நோம்பியன்று பொழுது சாயும்போது இவரும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். மாமனார் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அலுங்காமல் தூக்கித் தரையில் பாயில் படுக்க வைத்துவிட்டுக் கட்டிலோடு போய்விட்டார்கள். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

விழித்தவர் கையால் தரையைத் தடவிப் பார்த்தார்.

"கீழ எறக்கிட்டீங்களா அம்மணி?"

எங்கள் பக்கத்தில் கட்டிலில் உயிர் போகக் கூடாது. மூச்சு இழுக்க ஆரம்பித்தால் தரையில் இறக்கிவிடுவோம். இறக்கினால் அவ்வளவுதான். மாமியாரை அப்படி இறக்கியது என் வீட்டுக்காரர் கைதான்.

"ஐயோ, அதில்லீங்க மாமா. கட்டலு நாடகத்துக்குப் போயிருக்குதுங்க. விடிஞ்சா வந்துரும்."

சிரித்தார். "உங்கத்தகிட்ட நானும் அப்பிடித்தான் சொன்னேன். மூட்டப்பூச்சி இருக்குது, கட்டல வெயில்ல போடோணும்னு."

கஞ்சி கொண்டுவந்தேன். வாயைத் திறக்கவில்லை. "இனி எதுக்கு அம்மணி இழுத்துக்கிட்டு? பையனக் கூப்புடு. பாலு ஊத்தட்டும்."

ஒன்றை நினைத்துவிட்டால் எமனே வந்தாலும் மாற்றாத மனுஷன் அவர். கட்டில் திரும்பி வந்து அதில் தூக்கிப் போட்டால்தான் நம்புவார், வாய் திறப்பார். பக்கத்து வீட்டு ராசம்மாளை உட்கார வைத்துவிட்டுக் கோயில் திடலுக்கு ஓடினேன்.

மேடையில் கடைசிக் கட்டம். இவர் தகப்பன் வேஷக்காரரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தி, காலைக் கட்டிக்கொண்டு அழுதார். நிஜக் கண்ணீர். பெண்கள் முந்தானையில் மூக்கைச் சிந்தினார்கள். நான் படுதாவுக்குப் பின்னால் போய் வாத்தியாரைப் பிடித்தேன்.

"கட்டலு இப்பவே வேணுமுங்க. மாமா சாவப்போறேன்னு படுத்துட்டாருங்க."

"இதா, முடிஞ்சுதுங்க" என்றார். அதற்குள் கூட்டம் "ஒன்ஸ்மோர்" என்று கத்தியது. தகப்பன் வேஷக்காரர் கட்டிலை விட்டு இறங்கி மறுபடி தரையில் படுத்தார். இவர் மறுபடி தூக்கினார். இன்னொரு தடவையும் கேட்டார்கள். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம்கூட வரவில்லை.

கட்டிலோடுதான் வீடு வந்தோம். இவர் அரிதாரத்தைக்கூடக் கலைக்கவில்லை. "அப்பா, கட்டலு வந்துருச்சுங்க. ஏறிப் படுத்துக்குங்க."

மாமனார் அந்தச் சாயம் பூசிய முகத்தையே பார்த்தார். நாடகம்தான் என்று அப்போது நம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் தலையை ஆட்டினார்.

"எறக்குன ஒடம்ப ஏத்தப்படாது சாமி. ஊட்டுக்கு ஆகாது."

தூக்கப் போனோம். நல்ல கையால் பாயை இறுகப் பிடித்துக்கொண்டார். மறுநாளும் கெஞ்சினோம். ஊற்றிய கஞ்சி கடைவாயில் வழிந்தது. பக்கத்திலேயே கட்டில் காலியாகக் கிடந்தது. நோம்பி முடிந்து, கோயிலில் நட்ட கம்பத்தைப் பிடுங்குவதற்குள் போய்விட்டார்.

இவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மேடையிலேயே தீர்ந்துவிட்டதோ என்னவோ. எனக்கும் வரவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மாமனாரின் அக்கா அங்கம்மாள் பாயில் கிடந்தவரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்தம்பி குடுத்து வெச்சவன். கட்டல்லயே உசுரு போயிராம, நேரங்காலம் பாத்துக் கீழ எறக்கிட்டீங்களே. ஆரு சாமி எறக்குனது?"

இவர் என்னைப் பார்த்தார்.

"அவுங்க மகன்தானுங்க" என்றேன்.