சகலையைவிடக் குறைந்த சூடு

மாமனார் வீட்டு ஹாலில் மூத்த மாப்பிள்ளைக்கென்று ஒரு நாற்காலி உண்டு. இளைய மாப்பிள்ளை வந்த பிறகும் நாற்காலி அங்கேயேதான் இருந்தது; மாமனாரின் முகம்தான் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"சின்ன மாப்பிள்ளை கம்ப்யூட்டரை ஓவர்க்ளாக் பண்ணியிருக்காராம். கம்பெனிக்காரன் வெச்ச வேகத்தையும் மீறி ஓடுதாம். அப்பவும் சூடு எழுபதைத் தாண்டலையாம்!" என்றார் மாமனார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது. பெருமைப்பட அது தெரிய வேண்டியதுமில்லை.

ஆடிட்டரான மூத்தவரின் வயிறு அன்று எரிந்த எரிச்சலை அளக்க எந்த மென்பொருளும் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும், மனைவி கட்டடப் படம் வரையும் கம்ப்யூட்டரில் கை வைத்தார். சகலையின் வேகத்தைத் தாண்டியாயிற்று. இனி சூட்டைக் காட்ட ஒரு மென்பொருள் வேண்டும். முதலில் இறக்கியது தொண்ணூற்று நாலு என்றது. "இதுல வைரஸ் இருக்கு" என்று அழித்தார். இரண்டாவது தொண்ணூற்றைந்து என்றது, அதுவும் சிவப்பு எழுத்தில். மரியாதை தெரியாத மென்பொருள். அதையும் தூக்கினார். மூன்றாவது பச்சை எழுத்தில் அடக்கமாக நாற்பத்தைந்து என்றது.

"இதுதான் நேர்மையானது!"

ஊரார் கணக்கிலெல்லாம் ஓட்டை கண்டுபிடித்தே பிழைத்தவர், இந்தக் கணக்கில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

"என்னங்க, பொட்டி இஸ்திரிப்பெட்டி மாதிரி சுடுது," என்றாள் மனைவி.

"உன் கை சூடு."

"விசிறி இப்படிக் கத்துதே?"

"அது கத்தறதாலதான் நாப்பத்தஞ்சு."

"திங்கட்கிழமை நான் அந்த வீட்டுப் படத்தைக் குடுத்தாகணும். கெடுத்துடாதீங்க."

ஞாயிறன்று மாமனாரையும் சகலையையும் வரவழைத்தார். மனைவியின் படத்தை முப்பரிமாணத்தில் உருவாக்க கம்ப்யூட்டர் முக்கிக்கொண்டிருந்தது. திரையின் மூலையில் பச்சையாக நாற்பத்தேழு.

சகலை குனிந்து பார்த்தார். "அண்ணே, இது மதர்போர்டு சூடு. ப்ராசஸரோடது இல்ல. அடுப்பு எவ்வளவு சுடுதுன்னு கேட்டா, இது சமையலறைச் சுவரைத் தொட்டுட்டுச் சொல்லுது."

"பொறாமைப்படாதீங்க தம்பி," என்றார் மூத்தவர்.

திரை கறுத்தது. விசிறி அடங்கியது.

"இப்ப நல்லா குளிர்ந்திடும், இல்ல மாப்பிள்ளை?" என்றார் மாமனார், வெள்ளை மனதோடு.

மனைவி கணவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. படத்தின் நகல் இருந்த பென் டிரைவைக் கையில் எடுத்துக்கொண்டு, "தம்பி, உங்க வீட்டுல முடிச்சுக்கலாமா?" என்றாள்.

மூத்தவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். தன் மனைவியின் படம், அவன் வீட்டில், அவன் கம்ப்யூட்டரில்.

சாயங்காலம் அவளைக் கொண்டுவந்து விட்டார் சகலை. "முடிஞ்சுது. அங்க சத்தமே இல்லங்க," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

வாசலிலேயே சகலையைப் பிடித்துக்கொண்டார் மூத்தவர். "உண்மையைச் சொல்லுங்க. உங்களுது எவ்வளவு காட்டுது?"

"ஐம்பத்தஞ்சு இருக்கும் அண்ணே. ஓவர்க்ளாக்கை எப்பவோ எடுத்துட்டேன். சத்தத்துல தூங்க முடியலைன்னு என் வீட்டுக்காரி சண்டை. மாமாகிட்ட சொல்லத்தான் மனசு வரல, பாவம், சந்தோஷப்பட்டுக்கிட்டிருக்கார்."

மூத்தவர் அவரை வழியனுப்பினார். ஜெயித்ததிலும் இவன்தான் முதல். இப்போது விட்டுக்கொடுத்ததிலும் இவன்தான் முதல்.

சகலை தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்தார். பிறகு உள்ளே போய்க் கம்ப்யூட்டரைப் போட்டு வேகத்தைக் குறைத்தார். கம்பெனிக்காரன் வைத்ததற்கும் கீழே, இன்னும் கொஞ்சம் கீழே.