ஓம் யோகா பாலம்

கோல்பரோவுக்கு எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என் மகள் யோகாவின் ஆஸ்பத்திரி வேலை. சிட்னியிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டம். பழைய ஊர். பழசு என்றால் அங்கே தனி மரியாதை. தபால் கந்தோர் பழசு, சாராயக்கடை பழசு, குதிரை தண்ணீர் குடித்த தொட்டிகூடப் பழசு என்று பித்தளைத் தகடு அடித்து வைத்திருக்கிறார்கள். நான் அங்கே போனபோது எனக்கு அறுபத்தெட்டு வயது. எனக்கு ஒருவரும் தகடு அடிக்கவில்லை.

ஊருக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே ஆறு. ஆற்றுக்கு மேலே ஒரு மரப்பாலம், அதுவும் பழசுதான். கார் போனால் பலகைகள் நித்திரையில் பல்லுக் கடிக்கிற மாதிரிச் சத்தம் போடும். பாரமான வண்டிகள் ஏறக்கூடாது. பஸ் பாரமான வண்டி. அதனால் அது அக்கரை மேட்டில், பெருந்தெருவிலேயே நின்று திரும்பிப் போய்விடும். பாலம்வரை என்னால் நடக்க முடியும். அந்த மேட்டில் ஏற என் முழங்கால் சம்மதிக்காது.

எனக்குப் பஸ் வேண்டும். வேறொன்றும் வேண்டாம், வியாழக்கிழமைக்கு மட்டும். வியாழக்கிழமைகளில் சிட்னியில், ஹோம்புஷில் எங்கள் ஆட்கள் ஒரு மண்டபத்தில் கூடி முந்நூற்றிநாலு என்கிற சீட்டாட்டம் விளையாடுவார்கள். சீட்டென்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். யோகாவுக்கோ வியாழனும் வேலை. ஆகவே, எங்கள் தெருவிலிருந்த மற்றத் தமிழ் வீட்டுக்காரர் சச்சிதானந்தன் அண்ணையோடுதான் நான் போய்வரவேண்டியிருந்தது.

நல்ல மனுசன், அதை மறைக்கக்கூடாது. ஆனால் காரில் ஏறினால், கொழும்பில் தான் வேலை செய்த கந்தோரில் யாருக்கு எந்தக் கதிரை கிடைத்தது, யார் அதைப் பறித்தது என்று தொடங்குவார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க வேண்டும் அவருக்கு. அவர் என்னைப் பார்க்கிற நேரமெல்லாம் கார் பள்ளத்தைப் பார்க்கும். அங்கே போய்ச் சேர்ந்தாலும் நிம்மதி இல்லை. ஆட்டம் சூடு பிடிக்கிற நேரம் பின்னால் வந்து நிற்பார்.

"தங்கச்சி, வெளிக்கிடுவம். இருட்ட முன்னம் பாலம் கடக்கவேணும்."

"இன்னும் ஒரு ஆட்டம், அண்ணை."

"அந்தப் பாலத்தை நம்பேலாது."

கடைசி ஆட்டத்துக்கு நான் ஒருநாளும் இருந்ததில்லை. என் சோடி சந்திரகலா அதை வேறு யாரோடோ விளையாடி வெல்லுவாள். வென்றதை அடுத்த கிழமை எனக்கே சொல்லுவாள்.

இரண்டாயிரத்து ஐந்தில் கவுன்சிலிலிருந்து ஒரு துண்டுப் பிரசுரம் வந்தது. மரப்பாலத்தைக் கழற்றிவிட்டுக் கொங்கிறீற்றில் புதுப்பாலம் கட்ட யோசனை இருக்கிறதாம், சனங்களின் அபிப்பிராயம் தேவையாம். அன்றைக்கு நான் பாயாசம் காய்ச்சினேன்.

அபிப்பிராயம் சேகரிக்கப் பிலிப்பா என்று ஒரு பெண்ணை அனுப்பினார்கள். ஓலைத் தொப்பி, கழுத்தில் மரமணி மாலை. பாலத்தின் தலைப்பில் ஒரு மடக்குக் கதிரை போட்டுக் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுவாள். நான் போகும்போது சிரிப்பாள், நானும் சிரிப்பேன். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். முறை வரும்போது கேட்பாள் என்று நானும் விட்டுவிட்டேன்.

நான் ஏன் தினமும் பாலத்துக்குப் போனேன் என்பதைச் சொல்லவேண்டும். எங்கள் ஊர் பள்ளத்தில் இருக்கிறது. வீட்டுக்குள் மொபைலுக்குச் சிக்னல் இல்லை. பாலத்தின் நடுவில் நின்று, கிழக்கே இரண்டு மலைகளுக்கு இடையில் தெரியும் கோபுரத்தைப் பார்த்தால்தான் வேலை செய்யும். யோகா விடியமுன்னம் காரில் போகிறவள். அவள் போய்ச் சேர்ந்தாளோ என்று கேட்காமல் எனக்குத் தேத்தண்ணி இறங்காது. வெயில் நேரே கண்ணில் அடிக்கும், கண்ணை மூடிக்கொண்டுதான் கதைப்பேன். சிக்னல் வந்து வந்து போகும், ஆகவே ஒன்றையே பலமுறை சொல்லவேண்டும். சச்சிதானந்தன் அண்ணையும் வருவார். அவருக்குக் கனடாவில் ஒரு தம்பி. உலகத்தில் அவரைவிடக் கூடக் கதைக்கிற ஒரே ஆள் அந்தத் தம்பிதான். அதனால் அண்ணை காதிலே வயரைச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் பாலத்துக் கட்டையைப் பிடித்தபடி தம்பி சொல்வதற்கெல்லாம் ஒத்து ஊதிக்கொண்டு நிற்பார்.

சில மாதங்களில் பிலிப்பாவின் அறிக்கை தபாலில் வந்தது. யோகா குசினியில் நின்று வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் முகம் ஒருமாதிரிப் போனது.

"அம்மா, நீங்கள் பாலத்திலை என்ன செய்யிறனீங்கள்?"

"உன்னோடை கதைக்கிறனான்."

"இதிலை வேறை மாதிரிக் கிடக்கு. கேளுங்கோ. 'சூரியன் உதித்ததும் சமூகத்தின் மூத்த பெண் ஒருவர் பாலத்தின் நடுவே கிழக்கு நோக்கி நின்று, கண்களை மூடி, ஓம் யோகா, ஓம் யோகா என்று மீண்டும் மீண்டும் ஓதுகிறார்.'"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"'அவருக்குப் பக்கத்தில் ஒரு முதியவர் பாலத்தைத் தொட்டபடி, இடைவிடாமல் ஓம் என்ற ஒலியை மட்டும் அரைமணி நேரம் எழுப்புகிறார். இவர் நிலையில் உயர்ந்தவராக இருக்கலாம்.'"

"நிலையிலை உயர்ந்தவரோ? அவரின்ரை தம்பி வாய் மூடேல்லை, அதுதான் விசயம்."

"முடிவைக் கேளுங்கோ அம்மா. இந்தப் பாலம் புனிதமான இடம், அதைக் கழற்றக்கூடாது எண்டு எழுதியிருக்கு. பாரமான வண்டி ஒண்டும் கிட்ட வராமல் பார்க்கவேணுமாம்."

பஸ் போயிற்று. நான் என் வாயாலேயே, என் பிள்ளையின் பெயரைச் சொல்லியே, என் பஸ்ஸைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஊர் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். அங்கே போய் இரண்டு வசனத்தில் விளங்கப்படுத்தினால் முடிந்தது என்று நினைத்தேன். துணைக்குக் குணசீலனைக் கூப்பிட்டேன். மலேசியாப் பிள்ளை, படிக்க வந்து கணக்காளராக ஊரோடு தங்கிவிட்டவர், மெதடிஸ்ட் தேவாலயத்தில் பாட்டுக் குழுவை நடத்துகிறவர். நல்ல ஆங்கிலம்.

"பயப்படாதீங்க அன்ரி, நான் பேசுறேன். அஞ்சு நிமிஷ வேலை."

கவுன்சில் தலைவர் சங்கிலி போட்டுக்கொண்டு மேடையில் இருந்தார். பிலிப்பா எங்களைக் கண்டதும் எழும்பிக் கும்பிட்டாள். குணசீலன் ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னார்: இலங்கைத் தமிழர் பேச்சில் ஓம் என்றால் யேஸ் என்றுதான் அர்த்தம், இவர்கள் ரெலிபோனில் கதைத்துக்கொண்டிருந்தார்கள், யோகா இவருடைய மகள்.

பிலிப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு அழகு," என்றாள். "இவர்களுக்கு யேஸ் என்ற சொல்லே பிரார்த்தனை. பிள்ளையின் பெயரும் பிரார்த்தனை."

"இல்லையில்லை. அது வெறும் யேஸ்."

"நீங்களும் அதையே சொல்வீர்களா?"

"நாங்கள் மலேசியாத் தமிழர். நாங்கள் ஆமா என்போம்."

"ஆமென்," என்றாள் பிலிப்பா மெதுவாக, பக்கத்திலிருந்தவரிடம் திரும்பி. "இவர் கிறிஸ்தவர். ஒரே பாலத்தில் ஓமும் ஆமெனும்."

மண்டபத்தில் ஒரு பெருமூச்சுக் கிளம்பியது. குணசீலன் என்னைப் பார்த்தார். "அன்ரி, நான் உட்காந்துடுறேன். பேசப் பேசக் கூடுது."

சரி, நானே எழும்பினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: "எனக்குக் கோயில் வேண்டாம். எனக்குப் பஸ் வேண்டும். வியாழக்கிழமை நான் சீட்டு விளையாடப் போகவேண்டும்."

எல்லாரும் கை தட்டினார்கள். பெரியவர்கள் தங்கள் பக்தியைப் பற்றிப் பகிடியாகத்தான் பேசுவார்கள் என்று பிலிப்பா விளங்கப்படுத்தினாள்.

தலைவருக்கு நேரமாகிவிட்டது. வாக்கெடுப்புக்கு விட்டார். "புதுப்பாலம் வேண்டும் என்பவர்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள்."

நான் யேஸ் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பின்வரிசையில் கண்ணயர்ந்திருந்த சச்சிதானந்தன் அண்ணை திடுக்கிட்டு எழும்பினார். மேலதிகாரி ஏதோ கேட்டுவிட்டார் என்று நினைத்தாரோ என்னவோ, அடிவயிற்றிலிருந்து சொன்னார்: "ஓ...ம்."

மண்டபம் முழுதும் எழும்பி நின்றது. தலைவர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்தார். ஒரு நிமிட மௌனம் முடிந்ததும், அண்ணையின் குரல் பழைய பாலத்துக்கான வாக்கு என்று எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "அண்ணை, என்ன வேலை செய்து போட்டியள்?"

"புதுப்பாலம் வேணும் எண்டுதானே நானும் சொன்னனான்?"

"அது எனக்கு விளங்குது. அவைக்கு விளங்கேல்லையே."

"சரி விடு தங்கச்சி. கார் இருக்குத்தானே. நான் இருக்கிறன்தானே."

அதுதான் எனக்குக் கவலை.

ஆனால் கவுன்சில் என்றால் எல்லாப் பக்கத்தையும் சமாதானப்படுத்தவேண்டும். லொறிக்காரர்கள் கத்தினார்கள். கடைக்காரர்கள் கத்தினார்கள். கடைசியில் ஒரு முடிவு வந்தது: பழைய பாலத்தை ஓதுவதற்கு அப்படியே விடுவது, பக்கத்தில் வண்டிகளுக்குப் புதுப்பாலம் கட்டுவது. கட்டி முடிக்க மூன்று வருடம் பிடித்தது. பழைய பாலத்தில் பித்தளைத் தகடு அடித்தார்கள். அதில் என் பிள்ளையின் பெயர் இருக்கிறது. யோகா வேலையிடத்தில் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

பஸ் ஊருக்குள் வந்தது. தரிப்பிடம் இரண்டு பாலத்துக்கும் நடுவில். முதல் வியாழன் நான் நல்ல சேலை கட்டிக்கொண்டு போய் நின்றேன். அங்கே சிக்னல் நன்றாக இருந்தது. பஸ் வளைவில் தெரிகிற நேரம் மொபைல் அடித்தது.

"அம்மா, பஸ் வந்திட்டுதோ?"

"ஓம் யோகா, ஓம். வருகுது."

பஸ் கிட்ட வந்தது. ட்றைவர் என்னைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார், வேகத்தைக் குறைத்தார், சத்தமில்லாமல் என்னைக் கடந்து போய்விட்டார். ஓதிக்கொண்டிருப்பவர்களைக் குழப்பக்கூடாது என்று கவுன்சில் ட்றைவர்களுக்கெல்லாம் வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்ததாம்.

பின்னாலே ஒரு கார் வந்து நின்றது. சச்சிதானந்தன் அண்ணை கண்ணாடியை இறக்கினார்.

"உந்த பஸ்ஸை நம்பேலாது தங்கச்சி. ஏறு. அந்தக் கதிரைக் கதையிலை ஒரு பகுதி சொல்லாமல் விட்டிட்டன்."

"நீங்கள் போங்கோ அண்ணை. நான் அடுத்ததிலை வாறன்."

"ஒரு மணித்தியாலம் நிக்கவேணும்."

"நிக்கிறன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். நான் மொபைலை நிறுத்திக் கைப்பையின் அடியில் போட்டேன். வாயை இறுக்க மூடிக்கொண்டேன். கண்ணை மூடவில்லை, வெயில் எவ்வளவு அடித்தும். கிழக்கே பார்க்காமல் சாராயக்கடையைப் பார்த்து நின்றேன். பஸ் வந்ததும் நடு றோட்டுக்கு இறங்கிக் குடையை விரித்துக் காட்டினேன். நின்றது.

"ரயில் ஸ்டேசனுக்கோ?" என்று ட்றைவர் கேட்டார்.

"யேஸ்," என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

மண்டபத்துக்குப் பிந்தித்தான் போனேன். சந்திரகலா எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். பின்னேரம் சச்சிதானந்தன் அண்ணை வழக்கம்போல வந்து பின்னால் நின்று பார்த்தார். நான் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருடைய கார் வெளிக்கிட்ட சத்தம் கேட்டது.

சந்திரகலா சீட்டைக் குலுக்கிக்கொண்டு கேட்டாள். "என்ன நாகேஸ்வரி, கடைசி ஆட்டத்துக்கும் இருக்கிறியளோ?"

"ஓம்," என்றேன்.

ஒருவரும் எழும்பவில்லை, ஒருவரும் கும்பிடவில்லை. அவள் சீட்டைப் போடத் தொடங்கினாள்.