யாரும் குடியிருக்காத வீடு

பதினெட்டாவது மாடியில் எல்லா வீடுகளும் விற்றுப்போயிருந்தன. ஒன்றில்கூட யாரும் குடிவரவில்லை. விலை ஏறட்டும் என்று வாங்கியவர்கள் பூட்டிவைத்திருந்தார்கள். தரையைத் துடைத்து, ஜன்னலைத் திறந்து காற்று விட்டு, குழாய்களைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பூட்டுவதுதான் அவள் வேலை. உயரத்தைப் பார்த்து எல்லோரும் அவளை நெட்டை என்பார்கள். கட்டடத்துக்குப் பின்னால் இருந்த சந்தில், கணவனோடு ஒற்றை அறையில் குடியிருந்தாள்.

மழைக்காலம் தொடங்கியபோது கடைசி வீட்டில் ஏதோ சரியில்லை என்று பட்டது. குளியலறைத் தரையில் ஈரம். பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தையில் யாரோ படுத்தெழுந்த பள்ளம். படுக்கையறைச் சுவரில் உள்ளங்கைத் தடம் ஒன்று. துடைத்துவிட்டுப் போனால் மறுநாள் அதே இடத்தில் இருக்கும்.

"அந்தப் பெயிண்டர்தான்," என்றார் காவலாளி. "சாரம் சரிஞ்சு விழுந்தானே. பாதி வேலையில போனவன், சும்மா விடுவானா?"

பெயிண்டர் நெட்டைக்கு எதிர்வீடு. விழுந்த அன்று காலையில்கூட அவளிடம் தீப்பெட்டி வாங்கிக்கொண்டு போனவர்.

ஒரு மத்தியானம் அந்த வீட்டைத் திறந்தபோது உள்ளேயிருந்து இருமல் கேட்டது. துடைப்பத்தைத் தடிபோலப் பிடித்துக்கொண்டு படுக்கையறையை எட்டிப் பார்த்தாள். ஜன்னலோரம் ஒருத்தி சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பெயிண்டரின் மனைவி.

"அக்கா, கத்திடாதீங்க!"

"அடிப்பாவி! எனக்கு உயிரே போயிடுச்சு. நீ ஊருக்குப் போயிட்டேன்னு சொன்னாங்களே?"

"எந்த ஊருக்கு? இந்தக் கட்டடம் வந்ததும் நம்ம சந்துல வாடகை எகிறிடுச்சு. இவர் செத்ததுக்கு நியாயம் கேட்டுப் போனா, மேஸ்திரி கம்பெனியைக் கை காட்டுறான், கம்பெனி மேஸ்திரியைக் கை காட்டுது. இந்த வீட்டுச் சாவி இவர் சட்டைப் பையில இருந்துச்சு. பின்படிக்கட்டு வழியா ஏறி வந்துட்டேன்." சுவரில் கையை வைத்தாள். "இவர் கடைசியா அடிச்ச சுவர் இதுதான்."

நெட்டை துடைப்பத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "குளிச்சா தரையைத் துடைச்சுடு. ஈரம்தான் காட்டிக்கொடுக்குது," என்றாள். அன்றிலிருந்து தன் சாப்பாட்டில் பாதி அவளுக்குப் போனது.

மழை ஓய்ந்ததும் வீட்டின் சொந்தக்காரர், வாங்கப் போகிறவரைக் கூட்டிக்கொண்டு முதன்முறையாக வந்தார். லிஃப்ட் சத்தம் கேட்டதும் பெயிண்டரின் மனைவியைத் துணி அலமாரிக்குள் தள்ளி மூடத்தான் நெட்டைக்கு நேரம் இருந்தது.

வாங்க வந்தவர் படுக்கையறையில் தயங்கி நின்றார். "யாரோ இருக்கற மாதிரி இருக்கே?"

சொந்தக்காரர் சிரித்தார். "இங்க இதுவரைக்கும் யாருமே இருந்ததில்ல சார். அதுக்குத்தானே இந்த விலை!"

அவர்கள் இறங்கிப் போனதும் நெட்டை அலமாரியைத் திறந்தாள். பெயிண்டரின் மனைவி அழவில்லை. முகம் மட்டும் வெளிறியிருந்தது.

"யாருமே இருந்ததில்லையாம். என்னையும் செத்தவங்களோட சேர்த்துட்டாங்க, அக்கா."

"எங்கடி போற?"

அவள் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்படிக்கட்டில் இறங்கினாள். அதற்குப் பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை.

புதிதாக வாங்கியவரும் குடிவரவில்லை. சுவர்களுக்கு வேறு நிறம் அடிக்கச் சொல்லிவிட்டுப் பூட்டினார். என்ன விலைக்குப் போனது என்ற பேச்சு சந்துவரைக்கும் வந்தது. அடுத்த மாதமே நெட்டையின் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

அன்று வேலை முடிந்ததும் நெட்டை செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் படுக்கையறைத் தரையில் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் வெளியே காலடிச் சத்தம் கேட்டது. கையில் சாவி இருந்தது, அவளுக்கு அங்கே வேலையும் இருந்தது. ஆனாலும் மூச்சை அடக்கிக்கொண்டாள். சத்தம் அடங்கிய பிறகும் வெகுநேரம் அவள் அசையவில்லை.