மோசஸுக்கு வெந்நீர்

கலியன் மூன்றாவது செங்கல்லை நகர்த்தி வைத்து, அலுமினியக் குண்டானை அதன்மேல் ஏற்றி ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. "டேய் பென்னி, சும்மா நின்னுகினு இருக்காத. வெறகு எங்க கீது?" என்றார்.

விறகு எங்கே இருக்கும்? விறகு பாய்லரே காயலான் கடைக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. பந்தல் போட வந்தவர்களிடம் உடைந்த சவுக்குக் கட்டைகளைக் கேட்டு வாங்கிவந்து போட்டான் பென்னி. ராத்திரி மழையில் நனைந்த கட்டைகள். உள்ளே கூடத்தில் பெஞ்சின்மேல் அவன் அப்பா மோசஸ் படுத்திருந்தார். விடிந்ததும் டீயைக் குடித்து, தம்ளரைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர், அப்படியே போய்விட்டார். யாருக்கும் ஒரு பேஜாரும் கொடுக்கவில்லை. நல்ல சாவு என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். சாயங்காலம் அடக்கம். அதற்குள் குளிப்பாட்டி, வேட்டி சட்டை போட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும்.

குளிப்பாட்டுவதில்தான் சிக்கல்.

குளியலறைச் சுவருக்கு வெளியே ஹீட் பம்ப் நின்றுகொண்டிருந்தது. பென்னிக்கு வேலையே அதுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள கம்பெனி ஹாஸ்டல்களுக்கெல்லாம் அதை மாட்டிக் கொடுப்பான். காற்றில் இருக்கிற சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிற மிஷின். நெருப்பு கிடையாது, புகை கிடையாது. விறகுப் புகையில் அம்மா முத்தம்மாவுக்கு இளைப்பு வந்து மூச்சு வாங்கத் தொடங்கியதும், பாய்லரைக் கழற்றிப்போட்டு வீட்டுக்கும் ஒன்று மாட்டினான். பார்க்க ஏசியின் வெளிப்பெட்டி மாதிரியே இருக்கும். மோசஸ் ஊட்ல பாத்ரூமுக்கு ஏசியாம் என்று தெருவே சிரித்தது. இன்று காலையில்கூட, ஐஸ் பெட்டி சொல்லவில்லையா என்று யாரோ கேட்க, மாலையோடு வந்த ஒருவர், "ஏசிதான் கீதே, அப்புறம் ஐஸ் பொட்டி எதுக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

மோசஸுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இரும்பு உருக்கும் ஃபர்னஸ் எதிரில் பாதி ஆயுசு நின்ற மனுஷன். ரிடையரான பிறகு விடியற்காலையில் எழுந்து பாய்லரை மூட்டி வீட்டுக்கெல்லாம் வெந்நீர் போடுவதுதான் அவர் டூட்டி. அதையும் பெற்ற பிள்ளை பிடுங்கிக்கொண்டால் கோபம் வராமல் என்ன செய்யும்? "நெருப்பே இல்லாம இன்னாடா சூடு? நான் செத்தாகூட இந்தத் தண்ணிய எம்மேல ஊத்தாத" என்றார். சொல்லும்போது, பென்னி சித்தப்பா என்று கூப்பிடுகிற கூட்டாளி கலியனும் பக்கத்தில் இருந்தார். அதற்குப் பிறகு அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொண்டது சாப்ட்டியா, கதவ சாத்து, அவ்வளவுதான். பிடிவாதமாகப் பச்சைத் தண்ணீரிலேயே குளித்துக்கொண்டிருந்தார் என்பது பென்னிக்குத் தெரிந்த கதை.

"சித்தப்பா, அது ஏதோ கோவத்துல சொன்னது."

"கோவமோ தாபமோ, சொன்னது சொன்னதுதான். என் காதால கேட்டுகீறேன். நாளைக்கு நான் மேல போனா எம்மூஞ்சில முழிப்பானா அவன்?" கலியன் குனிந்து ஊதினார்.

பென்னி இன்னொரு கட்டையை அடுப்பில் தள்ளினான். ஊற்றாதே என்றால் ஊற்றாமல் போகட்டும், தண்ணீரில் என்ன இருக்கிறது. அந்தக் கோபத்தை அப்படியே சுமந்துகொண்டு போய்விட்டாரே என்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

ஈரக் கட்டை எரியாமல் அடம்பிடித்தது. புகை எழுந்து, சுவரில் முட்டி, நேராகக் கூடத்துக்குள் போனது. அழுதுகொண்டிருந்த முத்தம்மா இருமத் தொடங்கினாள். ஒருமுறை தொடங்கினால் லேசில் நிற்கிற இருமல் இல்லை அது.

பென்னியின் மனைவி பிரின்சி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். "ஏங்க, மொதல்ல அடுப்ப அணைக்கச் சொல்லுங்க. அத்தைக்கு இழுக்குது."

"இன்னா பண்ணச் சொல்ற? அப்பா சொன்னது உனக்குத் தெரியாதா?"

அவள் கலியனைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "சத்தியம் வாங்கிகினாரு, சொல்லக்கூடாதுன்னு. இனிமே இன்னா. மாமா இந்த மிஷின் தண்ணியிலதான் குளிச்சாரு."

"எப்போ?"

"தெனமும்தான். ரெண்டு நாள் பச்சத்தண்ணி ஊத்திகினாரு, மூணாவது நாள் வெடவெடன்னு நடுங்கிட்டாரு. அதுலருந்து நீங்க வேலைக்குக் கெளம்பினதும் குளிக்கப் போய்டுவாரு."

கலியன் ஊதுவதை நிறுத்தினார். "இன்னாம்மா சொல்ற? நேத்துகூட டீக்கடையில அந்த மிஷின அந்தத் திட்டு திட்டினானே!"

"சூடு பத்தலன்னு திட்டியிருப்பாரு. எந்த பட்டன அமுக்கினா ஏறும்னு எங்கிட்ட கேட்டுக் கத்துகினாரு. நம்பலன்னா போய்ப் பாருங்க."

பென்னி குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்த, சூட்டை ஏற்றி இறக்கும் சின்னப் பட்டன் பலகையைப் போய்ப் பார்த்தான். அம்மாவுக்குப் போதும் என்று நாற்பத்தைந்து டிகிரியில் வைத்துவிட்டு, அப்புறம் அதன் பக்கமே அவன் திரும்பவில்லை. கும்மிடிப்பூண்டி வெக்கையில் வெந்நீர் அவனுக்கு எதற்கு? இப்போது அதில் அறுபது இருந்தது. அதற்குமேல் அந்த மிஷின் ஏறாது. ஏறியிருந்தால் ஏற்றியிருப்பார். குழாயைத் திறந்து கையை நீட்டினான். சுரீரென்று சுட்டது.

"திருட்டுக் கெழம்" என்றான். சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதான். காலையிலிருந்து வராத அழுகை அது.

பின்னாலேயே வந்த கலியனும் கையை நீட்டி, வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "அடப்பாவி மோசஸு! என்கிட்டயுமாடா நாடகம் போட்ட?" என்று கூடத்தைப் பார்த்துக் கத்தினார். விடுவிடுவென்று போய்க் குண்டானைக் கவிழ்த்து அடுப்பை அணைத்தார்.

பின்கட்டில் பெஞ்சைப் போட்டு, சுற்றிலும் புடவை கட்டி, மோசஸைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். பென்னி பக்கெட்டோடு வந்தான். வெந்நீரிலிருந்து ஆவி பறந்தது.

"கொஞ்சம் பச்சத்தண்ணி கலந்துக்கடா, கை வெந்துடப் போவுது."

"வேணாம் சித்தப்பா. அப்பாவுக்கு இதுவே பத்தாது" என்று சொல்லி முதல் சொம்பை நெஞ்சில் ஊற்றினான். கலியன் சோப்பு போட்டார். முழங்கைக்குக் கீழே ஃபர்னஸில் பொறி தெறித்த பழைய தழும்புகளைச் சுற்றிச் சுற்றித் தேய்த்துவிட்டார். தலை துவட்டும்போது முடியை இடப்பக்கமாக வாரிவிட்டான் பென்னி. வலப்பக்கம்டா என்று கலியன் திருத்தினார்.

அடக்கம் முடிந்து வந்தவர்கள் வரிசையாகக் குளித்தார்கள். ஒவ்வொருவரும் உள்ளே போய், "யப்பா!" என்று கத்திவிட்டுத்தான் தண்ணீரைக் கலந்தார்கள். எல்லாரும் கிளம்பி, வீடு அடங்கி, மிஷின் மறுபடி ஓடித் தண்ணீர் காய்ந்தபிறகு முத்தம்மா துண்டோடு எழுந்து வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"இரும்மா, கொறச்சி வெக்கிறேன். உனக்கு ரொம்ப சுடும்." பென்னி பலகையில் விரலை வைத்தான்.

"கைய எடு."

"அறுபதுல கீதும்மா."

"இத்தினி நாளா சுடாமயா இருந்திச்சு? அவரு வெச்சது அது, தொடாத."

அவன் கையை எடுத்துக்கொண்டான். முத்தம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முதலில் பச்சைத் தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. பக்கெட் பாதி நிரம்பும்வரை விட்டு, அதை மூடிவிட்டு, அப்புறம்தான் அவள் வெந்நீரைத் திறந்தாள்.