கழுவிய மூக்கு

ஹமீதுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தாராவியில் அந்தச் சந்து முழுக்கத் தெரிந்த விஷயம். அந்த மூக்குக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு டாக்டர் ஆசைப்படுவார் என்றுதான் யாரும் எதிர்பார்க்கவில்லை.

அவருடையது தோல் பைப் பட்டறை, மாடியில் ஒரே அறை. மெஷினில் இரண்டு பேர். ஒட்டுகிற பெஞ்சில் அவரும் மனைவி நூர் நிஷாவும் நாள் முழுக்கத் தோலில் நெடியடிக்கிற சொல்யூஷன் பசையைத் தடவிக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச காலமாக, படி ஏறினால் ஹமீதின் நெஞ்சுக்குள் விசில் அடித்தது. கேட்டால் வெறும் சளி என்பார். பொய் என்று அவருக்கே தெரியும்.

பயம் ஒன்றுதான். பக்கத்துப் பட்டறை மாரிக்கண்ணனிடம் ஒரு டாக்டர் இந்த வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இப்போது அவன் காட்கோபரில் வாட்ச்மேன். ஹமீதுக்குத் தெரிந்த தொழிலும் இது ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டால் மனுஷன் எங்கே போவார்?

தொண்ணூறடி ரோட்டில் டாக்டர் ஷாலினி ஓர் அறை பிடித்து, பட்டறைக்காரர்களின் மூச்சுக்குழாய் அழற்சியை ஆராய்ந்துகொண்டிருந்தாள். மும்பை விக்ரோலியில் வளர்ந்த தமிழ்ப் பெண். ஒரு நாள் ஹமீதின் பட்டறைக்கே வந்து சொன்னாள்:

"தொண்டைக்குள்ள குழாயெல்லாம் விட மாட்டோம் பாய். மூக்குல ஒரு காகிதப் பட்டை, ரெண்டு நிமிஷம், அவ்ளோதான். மூக்கோட உள்தோலும் மூச்சுக்குழாயோட உள்தோலும் ஒண்ணுக்கொண்ணு சொந்தம். கீழ புண்ணாயிருந்தா அனேகமா மேலயும் தெரியும்."

அவரைக் கேட்காமலே நூர் நிஷா அவர் பெயரைக் கொடுத்திருந்தாள். "போயிட்டு வாங்க. தெரிஞ்சாத்தான மருந்து எடுக்க முடியும்?"

போகாவிட்டால் அவள் விடமாட்டாள். போனால் குட்டு உடைந்துவிடும். ஹமீது ஒரு வழி கண்டுபிடித்தார். முகம், மூக்கு, கைகால் கழுவி ஒளு செய்து மதிய லுஹர் தொழுதுவிட்டு வந்தவர், குளிக்கிற மூலையான மோரியின் திரையை இழுத்து மூடிக்கொண்டு, உப்புப் போட்ட வெந்நீரை மூக்கில் உறிஞ்சி உறிஞ்சிச் சிந்தினார். சுத்தமான மூக்குக்குச் சுத்தமான ரிப்போர்ட்! தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு, கண் சிவக்கப் போய்ப் பட்டையை மூக்கில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் ஷாலினி கூப்பிட்டனுப்பினாள். "உங்க பட்டையில ஒண்ணுமே இல்ல பாய்."

"நல்லதுதான!" ஹமீதுக்கு வாயெல்லாம் பல்.

"இல்ல. நல்லா இருக்கறவங்க மூக்குலயும் ஏதாவது இருக்கும். இது வெறும் தண்ணி. தப்பு என் மேலதான். தொழுதுட்டு வந்தீங்க, ஒளு செஞ்சதுல கழுவிப் போயிருக்கும். எனக்குத் தோணவே இல்ல. ஒளுதான் காரணம்னு எழுதிடறேன்."

தப்பிக்க வழி தானாக வந்து நிற்கிறது. தலையை ஆட்டினால் போதும். ஆனால் அல்லாவுக்காகச் செய்த சுத்தத்தின் மேல் தன் திருட்டுத்தனத்தைச் சுமத்த அவருக்கு மனசு வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஒளு இல்ல டாக்டரம்மா, நாந்தான். வேணும்னே உப்புத்தண்ணி ஊத்திக் கழுவினேன். ரிப்போர்ட்டு மோசமா வந்தா பெஞ்சை விட்டு எந்திரிக்கச் சொல்லிருவியளோன்னு பயம்."

ஷாலினி திட்டுவாள் என்று நினைத்தார். அவள் புதுப் பட்டையை எடுத்தாள்.

இந்த முறை மூக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அழற்சி இருந்தது, நன்றாகவே இருந்தது. ஊதிப் பார்க்கிற சோதனையும் அதையே சொன்னது. உறிஞ்சுகிற மருந்தைக் கையில் கொடுத்து எப்படி இழுப்பது என்று காட்டினாள்.

"வேலை?" என்று இழுத்தார் ஹமீது.

"இப்ப விட வேணாம். மருந்தை விடாம எடுங்க. சொல்யூஷன் டப்பாவை மூடி வைங்க. காத்தை வெளிய தள்ளற ஃபேன் ஒண்ணு மாட்டணும். அடிக்கடி வந்து காட்டுங்க, பாத்துக்கலாம். ஃபேன் எங்க வைக்கணும்னு பாக்கறேன், பெஞ்சுல எத்தனை பேர்?"

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. "நானும் எம் பொண்டாட்டியும்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. தன் விசிலை மறைப்பதிலேயே குறியாக இருந்தவர், பக்கத்தில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்தி இருமியதைக் காதில் வாங்கவே இல்லை.

அங்கேயே போன் போட்டார். "ஏளா, கெளம்பி இங்க வா. ஒன் மூக்கையும் பாக்கணும்."

"எனக்கென்ன? நான் எதுக்கு?"

"ஒன்னைய விட்டுட்டு நான் மட்டும் நல்லா மூச்சு விட்டு என்னத்துக்குளா?"

மறுமுனையில் நூர் நிஷா கொஞ்ச நேரம் இருமினாள். பிறகு, "வாரேன்" என்றாள்.